அந்த அம்மா மணியைத் தட்டிச் சொன்ன வார்த்தை

ஹோட்டல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, முதலில் நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் எழுதுகிற ஆள் இல்லை. இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் அறை எண், விருந்தாளி பெயர், சாவி கொடுத்தாயிற்று, சாவி வந்தாயிற்று, அவ்வளவுதான். முதலாளியின் மகள்தான், "அக்கா, நீங்க ரிட்டாயர் ஆயிட்டீங்க, புதுப் பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்க" என்று கேட்டார். முடியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இப்படி வெட்கப்பட்டே நான் பல காரியங்களில் மாட்டியிருக்கிறேன். இதுவும் அதில் ஒன்று.

படுக்கை விரிப்பது, துண்டு மடிப்பது, சாவி எழுதுவது எல்லாம் உங்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் ஒரே ஒரு ஆங்கில வார்த்தையைப் பற்றி எழுதுகிறேன். குவெய்ன்ட் என்பது அந்த வார்த்தை. ஒரு பொருள் பழையதாக இருக்கிறது, ஆனால் அந்தப் பழமையே பார்க்க அழகாக, மனதுக்குப் பிடித்ததாக இருக்கிறது என்றால் வெள்ளைக்காரர்கள் அதைக் குவெய்ன்ட் என்பார்கள். உங்களில் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தொண்ணூறுகளின் நடுவில், மலாக்கா ஆற்றோரத்தில் இருந்த எங்கள் ஹோட்டலில், இது ஒருவருக்கும் தெரியாது. அதனால் வந்ததுதான் இவ்வளவும்.

அந்த ஹோட்டல் உங்களுக்குத் தெரிந்த இன்றைய ஹோட்டல்தான். அப்போது இந்த மஞ்சள் விளக்கும் கண்ணாடிக் கதவும் கிடையாது. கீழே சிவப்புக் கல் தரை, மேலே போக மரப்படி. முதலாளியின் அப்பா காலத்தில் வாங்கிய கட்டடம். முதலாளிக்கு அந்தக் கட்டடத்தைப் பார்த்தாலே கூச்சம். பட்டணத்தில் உயர உயரமாக லிப்ட் வைத்த ஹோட்டல்கள் வந்துகொண்டிருந்தன. ஆயர் குரோ பக்கம் போனால் நீச்சல் குளம் வைத்த ஹோட்டல். எங்கள் குளியலறையில் மொண்டு குளிக்க டிராகன் படம் போட்ட மண்ஜாடியும் ஒரு செம்பும்தான்.

நான் கவுண்டரில் இருந்தேன். என்னைப் போல வெட்கப்படுகிறவளை யாராவது கவுண்டரில் வைப்பார்களா என்று கேட்பீர்கள். எனக்கு முன்னால் இருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள், சாவிகள் எங்கே தொங்குகின்றன என்று அடுத்தபடியாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு நான்கு ஆங்கில வாக்கியம் மனப்பாடம். அதில் எனக்கு மிகவும் பிடித்தது சோரி. அது வாக்கியம் இல்லை என்று முதலாளியின் மகள் இப்போது சொல்கிறார். எனக்கு அது வாக்கியமாகத்தான் உதவியது.

இன்னொருவர் மணியம் அண்ணன். விளக்கு, பைப், கூரை, வேன் எல்லாம் அவர் பொறுப்பு. கையில் எப்போதும் சுத்தியல் இருக்கும். எதையாவது ரிப்பேர் செய்யாவிட்டால் அவருக்குக் கை அரிக்கும்.

முதலாளி எங்களுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். "கெஸ்ட்டு ஒரு சாமானப் பத்திக் கம்ப்ளேன் பண்ணா, வாயத் தொறந்து காரணம் பேசக்கூடாது. அடுத்த தடவ அந்தச் சாமான் அவங்க கண்ணுல படக்கூடாது. அம்புட்டுதான்." நல்ல சட்டம். இன்றும் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் முதலாளி எங்கள் இருவரையும் அழைத்தார். லண்டனிலிருந்து ஓர் அம்மாவும் அவர் கணவரும் வருகிறார்கள் என்றார். சுற்றுலாக் கூட்டங்களை எந்த ஊரில் எந்த ஹோட்டலில் தங்கவைப்பது என்று முடிவு செய்கிறவர் அந்த அம்மா. அவர் சரி என்றால் வருஷம் முழுக்க ஆள் வரும். இல்லையென்றால் கட்டடத்தைக் கேட்டு ஒருவர் நடையாய் நடக்கிறார், அவருக்கு வாடகைக்கு விட்டுவிடப் போவதாகச் சொன்னார்.

"அவரு என்னா கட போடுவாரு, முதலாளி?" என்று மணியம் அண்ணன் கேட்டார்.

"கரோக்கே."

"கரோக்கேல எனக்கு என்னா வேல? பாடவா?"

"நீ பாடுனா அவனும் கடைய மூடிருவான் லா," என்றார் முதலாளி. ஆனால் அவர் சிரிக்கவில்லை.

நானும் சிரிக்கவில்லை. என் அம்மா கூலி வேலை செய்த தோட்டத்தில் ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு வேலை நின்றிருந்தது. வீட்டில் சம்பளம் வாங்குவது நான் மட்டும்தான். மணியம் அண்ணனுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வரிசையாக இருந்தன. ஹோட்டலா கரோக்கேயா என்பது முதலாளியின் கவலை மட்டும் இல்லை.

அவர்கள் ரயிலில் வந்தார்கள். மணியம் அண்ணன் வேனை எடுத்துக்கொண்டு புலாவ் செபாங் ஸ்டேசனுக்குப் போய் அழைத்துவந்தார். வேனை நிறுத்திய உடனே அவர்களுக்கு முன்னால் உள்ளே ஓடிவந்தார்.

"வசந்தி, வெவகாரம் ஆயிருச்சு. ரயிலு விட்டு எறங்குன ஒடனே கம்ப்ளேன்."

"யாரு மேல அண்ணே?"

"ஸ்டேசன் மேல! அத நம்மளா கட்டுனோம்? அந்த மரப் பெஞ்சு, பழைய கடியாரம், பூச்சட்டி எல்லாத்தையும் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, 'ஹவ் குவெய்ன்ட்'டுன்னு சொல்லிருச்சு."

"குவெய்ன்ட்டுன்னா?"

"கம்ப்ளெய்ன்ட்டு லா! வெள்ளக்காரங்க பாதி வார்த்தைய முழுங்கிருவாங்கன்னு ஒனக்குத் தெரியாது? முன்பாதி தொண்டைக்குள்ள போயிருச்சு. பின்பாதி மட்டும் வெளிய வந்துச்சு."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. பள்ளிக்கூடத்தில் எங்கள் ஆங்கில ஆசிரியரும் பாதி வார்த்தையை முழுங்குகிறவர்தான்.

"கோவமாவா சொன்னாங்க?"

"சிரிச்சுக்கிட்டே. பல்லெல்லாம் தெரிய. அதான் எனக்குப் பயமா இருக்கு. கோவமா சொல்றவங்க மறந்துருவாங்க. சிரிச்சுக்கிட்டு சொல்றவங்க மனசுல வெச்சுருவாங்க."

அதற்குள் அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். வெயிலில் முகம் சிவந்திருந்தது. பெரிய தொப்பி. கணவர் மெலிந்து உயர்ந்தவர், பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றார். முதலாளி அன்று தன் அப்பாவின் கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார். பையில் கைக்குட்டையை முக்கோணமாக மடித்துச் செருகியிருந்தார். கும்பிட்டு, பிறகு குனிந்து, பிறகு மறுபடியும் கும்பிட்டு வரவேற்றார். அந்த அம்மாவும் பதிலுக்குக் குனிந்தார்.

கவுண்டர் மேல் ஒரு பித்தளை மணி இருந்தது. தலையில் தட்டினால் டிங் என்று சத்தம் போடும். அதுவும் முதலாளியின் அப்பா காலத்துச் சாமான். அந்த அம்மா அதைத் தட்டினார். டிங். மறுபடியும் தட்டினார். கணவரைப் பார்த்தார்.

"ஓ, ஹவ் குவெய்ன்ட்!"

மணியம் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சோரி என்றேன்.

மாடிக்குப் போகும்போது மூன்றாவது படி கிறீச்சென்றது. எப்போதும் கிறீச்சிடும். "குவெய்ன்ட்!" அறையில் கட்டிலுக்கு மேல் தொங்கிய கொசுவலையை விரலால் தொட்டுப் பார்த்து, "குவெய்ன்ட்!" குளியலறையிலிருந்து டிராகன் ஜாடியைப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தம் ஆற்றுக்கு அந்தக் கரை வரை கேட்டிருக்கும். "டார்லிங், கம் அண்ட் சீ! ஸோ குவெய்ன்ட்!"

"புருசனையும் கூப்புட்டுக் கம்ப்ளேன் பண்ணுது," என்றார் மணியம் அண்ணன் என் காதில்.

இத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நாங்கள் மூவரும் அறையை விட்டு வெளியே வந்ததும், அந்த அம்மா கணவரிடம் மெல்லப் பேசியது கதவு வழியாகக் கேட்டது. முதலாளியைப் பற்றித்தான் பேசினார். கோட் என்றார். பிறகு சொன்னார், "அண்ட் ஹீ இஸ் ஸோ குவெய்ன்ட்."

முதலாளியின் முகம் தொங்கிவிட்டது. படியிறங்கினார். மூன்றாவது படி மறுபடியும் கிறீச்சிட்டது. நேராகச் சமையலறைக்குப் போய்க் கோட்டைக் கழற்றி அரிசி மூட்டை மேல் போட்டார்.

"கேட்டீங்களா? என் மேலயே கம்ப்ளேன்."

"விடுங்க முதலாளி, ஸ்டேசன் மேலயே பண்ணுனவங்க," என்றார் மணியம் அண்ணன். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். கம்ப்ளேன் பண்ணுன சாமான் அவங்க கண்ணுல படக்கூடாது. அவங்க போற வரைக்கும் நான் இந்தக் குசினிய விட்டு வெளிய வரமாட்டேன். வசந்தி, முன்னாடி நீ பாத்துக்க."

கவுண்டரை நான் ஒருத்தியாகப் பார்த்துக்கொள்வதா? ஆனால் முடியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அவர்கள் சாப்பிட்டுவிட்டு ஆற்றோரம் நடக்கப் போனார்கள். அன்று மதியம் எங்கள் ஹோட்டலில் நடந்ததைப் போல ஒரு வேலை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. முதலாளி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு தலையை மட்டும் நீட்டி உத்தரவு போட்டார். மணியம் அண்ணன் மூன்றாவது படியில் ஆணி அடித்தார். ஒரு ஆணி போதாது என்று அவராகவே முடிவு செய்து, இருந்த ஆணியெல்லாம் அடித்தார். பிறகு படி முழுக்கப் பச்சை நிறப் பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டினார். கொசுவலையைக் கழற்றிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் கொசுவத்திச் சுருளைக் கொளுத்தி வைத்தோம். மரக்கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பழைய மேசை விளக்கையும், கம்ப்ளேன் வருமுன்னே, எடுத்துவிட்டு டியூப் லைட். ஜாடி இருந்த இடத்தில் மூடி போட்ட சிவப்புப் பிளாஸ்டிக் வாளி. பித்தளை மணி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் மின்சாரப் பஸ்ஸர். அழுத்தினால் குருவி கத்தும். மணியம் அண்ணன் தன் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்தது. ஹோட்டலுக்காக மனமாரக் கொடுத்தார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "அண்ணே, புடிக்கலன்னா மணிய ஏன் ரெண்டு தடவ தட்டுனாங்க?"

"கம்ப்ளேன் பண்றதுக்கு முன்னால டெஸ்ட்டு பண்ணிப் பாப்பாங்கல்ல."

அதுவும் எனக்கு நியாயமாகப் பட்டது.

கழற்றிய சாமான்களை எங்கே வைப்பது? அந்த நேரம் பார்த்து வாசலில், "சூராட் காபார் லாமா!" என்று ஒலிபெருக்கி கேட்டது. பழைய பேப்பர் வாங்குகிறவரின் லோரி. பேப்பர் மட்டும் இல்லை, இரும்பு, பாட்டில் எதைக் கொடுத்தாலும் ஏற்றிக்கொள்வார். ஜாடி, மணி, கொசுவலை, மேசை விளக்கு எல்லாம் லோரியில் ஏறின. ஜாடியைத் தூக்க மணியம் அண்ணனும் லோரிக்காரரும் சேர்ந்து முக்கினார்கள்.

சாயங்காலம் அவர்கள் திரும்பினார்கள். அந்த அம்மா கவுண்டரைப் பார்த்தார். பஸ்ஸரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பச்சைப் பிளாஸ்டிக் மேல் ஏறிப் போனார். படி சத்தம் போடவில்லை. அவரும் சத்தம் போடவில்லை. நானும் மணியம் அண்ணனும் படியடியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். அறைக்கதவு திறந்தது. குளியலறைக் கதவு திறந்தது. ஒரு குவெய்ன்ட் கூட வரவில்லை.

மணியம் அண்ணன் சமையலறைக்கு ஓடினார். "முதலாளி, கம்ப்ளேன் சுத்தமா நின்னுருச்சு!"

முதலாளி அரிசி மூட்டையிலிருந்து எழுந்து எங்களுக்குத் தன் கையாலேயே கோப்பி கலக்கிக் கொடுத்தார். அவர் எங்களுக்குக் கோப்பி கலக்கியது அதுதான் முதல் தடவை. சீனி அதிகம். ஆனாலும் நாங்கள் குடித்தோம்.

மறுநாள் காலை நான் கவுண்டரில் இருந்தபோது குருவி கத்தியது. திடுக்கிட்டுத் திரும்பினேன். அந்த அம்மாதான் பஸ்ஸரை அழுத்தியிருந்தார். அவரும் திடுக்கிட்டுப் போயிருந்தார். முகம் வாடியிருந்தது. கணவர் கையெல்லாம் கொசுக்கடி.

சாவியை வாங்கக் கையை நீட்டினேன். அவர் சாவியைக் கொடுக்கவில்லை. என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்த என்னுடைய தூக்குச்சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூப்போட்ட, எனாமல் பூசிய மங்குச் சட்டி, மூன்று அடுக்கு. என் அம்மா எனக்குச் சோறு கட்டிக் கொடுத்தது. அவர் கையை நீட்டி அதன் பூவை விரலால் மெதுவாகத் தடவினார். மூடியை வளைத்துப் பிடித்திருந்த கம்பியைத் தடவினார். அன்று காலை முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது.

"குவெய்ன்ட்," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டம் சட்டம்தான். தூக்குச்சட்டியை எடுத்து மேசைக்கு அடியில் மறைத்தேன். சோரி என்றேன்.

"நோ, நோ, நோ!" அவர் பதறிவிட்டார். இரண்டு கையையும் நீட்டி, குழந்தையைத் திருப்பிக் கேட்பதைப் போல, கொடு கொடு என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. பிடிக்காத சாமானை யாரும் தடவிக் கொடுக்க மாட்டார்கள். பிடிக்காத சாமான் மறைந்துபோனால் யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். நேற்று மணியை இரண்டு தடவை தட்டிய கை, கொசுவலையைத் தொட்ட விரல், எல்லாம் ஞாபகம் வந்தது. அவரிடம் கேட்டுவிட வேண்டும். ஆனால் கேட்பதற்கு என்னிடம் வாக்கியம் இல்லை. இருந்த நான்கும் அதற்கு உதவாது. தூக்குச்சட்டியை மறுபடியும் மேசை மேல் வைத்தேன். பூவைக் காட்டினேன்.

"மேடம்... குவெய்ன்ட்... குட்?"

"வெரி குட்!" என்றார் அவர். பிறகு நிதானமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல விளக்கினார். ஓல்ட் என்றார். பியூட்டிபுல் என்றார். நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன், ஏனென்றால் எல்லாம் லோரியில் போய்விட்டன.

அவர்கள் வெளியே போனதும் மணியம் அண்ணனிடம் ஓடினேன். அவர் பிளாஸ்டிக் விரிப்பின் ஓரத்துக்குப் பசை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, குவெய்ன்ட்டுன்னா கம்ப்ளேன் இல்லண்ணே. புகழ்ச்சியாம். பழசா இருந்தாலும் அழகா இருக்குன்னு அர்த்தமாம்."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ ஸ்டேசன?"

"புடிச்சிருக்கு."

"படி கிறீச்சுன்னுச்சே, அதுவுமா?"

"அதுவுந்தாண்ணே."

"இத்தன ஆணி அடிச்சிருக்கேனே, வசந்தி!"

"முதலாளிக்கிட்ட சொல்லணும்."

"நீ சொல்லு."

"நீங்க சொல்லுங்க."

இருவரும் சொல்லவில்லை. மணியம் அண்ணன் வேனை எடுத்துக்கொண்டு பழைய பேப்பர்க்காரரைத் தேடிப் போனார். அவருடைய கொட்டகையில் கொசுவலை மட்டும் இருந்தது. அதை அந்த ஆள் ஒரு சேவலுக்குக் கூடாக மாற்றியிருந்தார். ஜாடியையும் மணியையும் விளக்கையும் காலையிலேயே ஜோங்கர் வீதியில் இருக்கும் பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் வந்து எடுத்துப் போய்விட்டாராம். அங்கே ஓடினார். கடைக்காரர் விளக்கைக் காட்டினார். மணியும் ஜாடியும் இப்போதுதான் போயின என்றார். யார் வாங்கினார்கள் என்று கேட்டதற்கு, தலைக்கு மேல் கையால் பெரிய வட்டம் போட்டுத் தொப்பி என்று காட்டினாராம்.

மணியம் அண்ணன் விளக்கோடு பின்வாசல் வழியாக வந்து இதைச் சொல்லி முடிப்பதற்குள், முன்வாசலில் ஒரு டிரைஷா வந்து நின்றது. பிளாஸ்டிக் பூவும் ரேடியோவும் வைத்த மூன்று சக்கர மிதிவண்டி. அதில் அந்த அம்மாவின் கணவர் எங்கள் டிராகன் ஜாடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜாடிக்கு மேல் அவர் மூக்கு மட்டும் தெரிந்தது. அந்த அம்மாவுக்கு வண்டியில் இடம் இல்லை. அவர் பக்கத்திலேயே நடந்து வந்திருந்தார்.

நேராகக் கவுண்டருக்கு வந்தார். ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, பித்தளை மணியை எடுத்து என் கையில் வைத்தார். பாதிப் பேச்சும் பாதிச் சைகையுமாக, உங்களுக்குத்தான் என்றார். இந்தக் குருவிக்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள், இப்படி ஒரு இடத்துக்குக் குவெய்ன்ட்டாக ஏதாவது வேண்டாமா என்றார். நேற்று இங்கே பார்த்ததைப் போல ஒன்றை ஒரு கடையில் கண்டுபிடித்தேன் என்றார். மகிழ்ச்சியில் குரல் உயர்ந்தது.

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? தேங்க் யூ என்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். அது எங்கள் மணியேதான் என்று அவருக்குத் தெரியாது. என் நாலு வாக்கியத்தில் தேங்க் யூவும் ஒன்று. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஒரு மனிதர் எங்கள் ஜாடியை எங்களுக்கே திருப்பிச் சுமந்துகொண்டு வாசலில் வியர்த்துப் போய் நிற்கிறார். அவரைப் பார்த்துக்கொண்டு பொய்யாகத் தேங்க் யூ சொல்ல எனக்கு வரவில்லை. உண்மையைச் சொல்லவோ ஆங்கிலம் வரவில்லை.

எங்கள் கவுண்டர் மேசைக்கு வருஷா வருஷம் வார்னிஷ் அடிப்பார்கள். மணியை நகர்த்தாமல் சுற்றித்தான் அடிப்பார்கள். அதனால் மணி இருந்த இடத்தில் ஒரு வெளுத்த வட்டம் இருந்தது. நான் மணியைக் கொண்டுபோய் அந்த வட்டத்தின் மேல் வைத்தேன். ஒரு நூல் கூட விலகாமல் உட்கார்ந்தது. பிறகு எடுத்தேன். வட்டத்தைக் காட்டினேன். மறுபடியும் வைத்தேன். அதற்கு மேல் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் நானாகவே கட்டிய முதல் ஆங்கில வாக்கியம் அதுதான். பயத்தில் சத்தமாக வந்துவிட்டது.

"மேடம், திஸ் பெல் வெரி குவெய்ன்ட்!"

சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. முதலாளி கறுப்புக் கோட்டை ஒரு கையில் மட்டும் மாட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"வசந்தி! கெஸ்ட்டுகிட்டயே கம்ப்ளேன் பண்றியா! அவங்க குடுத்த சாமானயா!" அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார். கும்பிட்டார், குனிந்தார், கும்பிட்டார். "சோரி மேடம், வெரி சோரி. திஸ் கேர்ள், நோ குவெய்ன்ட். ஐ டெல் ஹெர், நோ குவெய்ன்ட் டு கெஸ்ட்!"

அந்த அம்மா முதலாளியைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். வெளுத்த வட்டத்தைப் பார்த்தார். பஸ்ஸரைப் பார்த்தார். திரும்பி, பச்சைப் படியையும் வாசலில் ஜாடிக்குப் பின்னால் நின்ற கணவரையும் பார்த்தார். ஒவ்வொன்றாக அவருக்குப் புரிவது முகத்தில் தெரிந்தது. "கம்ப்ளெய்ன்ட்?" என்று என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன். "ஓ, மை டியர்," என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பி கழன்று விழ, கண்ணில் தண்ணீர் வழிய, அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கணவர் அங்கிருந்தே என்ன என்று கேட்டார். அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

நான் முதலாளியிடம் தமிழில் சொன்னேன். குவெய்ன்ட் என்றால் என்ன அர்த்தம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

"கொசுவலய?"

"புடிச்சிருக்கு முதலாளி."

"ஜாடிய?"

"ரொம்பப் புடிச்சிருக்கு."

அவர் குரல் இறங்கியது. "அப்ப... என்னய?"

"உங்களையுந்தான் முதலாளி. கோட்டோட."

முதலாளி கோட்டின் மறு கையையும் மாட்டிக்கொண்டார். முதுகில் அரிசித் தூசி ஒட்டியிருந்தது. யாரும் சொல்லவில்லை.

அந்த அம்மாவின் கணவர் ஜாடியை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் வைத்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் அந்த அம்மா முதலாளியோடு பேசினார். கூட்டங்களை அனுப்புகிறேன், ஆனால் ஒரே ஒரு நிபந்தனை, நீங்கள் எதையும் ரிப்பேர் செய்யக்கூடாது என்றார். முதலாளி அதை எங்களிடம் சொன்னபோது மணியம் அண்ணனின் முகம் செத்துவிட்டது.

"கடைசில கரோக்கே வந்தாலும் எனக்கு வேல இல்ல, வெள்ளக்காரன் வந்தாலும் வேல இல்லயா?"

"ஒனக்குத்தான் லா பெரிய வேல," என்றார் முதலாளி. "கிறீச்சுன்னு சத்தம் போடுற படி தெனமும் போடணும். ஒரு நாளு போடலன்னா ஒன்னத்தான் கேப்பேன்."

அதற்குப் பிறகு அந்த வார்த்தை எங்கள் எல்லோருக்கும் வாயில் ஒட்டிக்கொண்டது. அளவாகப் பயன்படுத்த எங்களுக்குத் தெரியவில்லை. சிம்பாங் அம்பாட்டில் ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் மூவரும் போயிருந்தோம். மாப்பிள்ளையின் தோழர் ஒருவர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். மணியம் அண்ணன் அவரிடம் தன் மாமியாரை அறிமுகம் செய்துவைத்து, "மை மதர் இன் லா. வெரி குவெய்ன்ட்," என்றார். அந்தத் தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் அதைத் தமிழில் எடுத்துச் சொல்லிவிட்டார். பழசு என்ற பாதியைத்தான் மாமியார் காதில் வாங்கினார். அழகு என்ற பாதியை வாங்கவில்லை. மணியம் அண்ணனுக்கு அன்று பந்தியில் அப்பளம் வரவில்லை. மாமியார்தான் அந்த வரிசைக்கு அப்பளம் போட்டுக்கொண்டிருந்தார். ஆகவே, ஆட்களைப் பற்றிப் பேசும்போது இந்த வார்த்தையைக் கவனமாகச் சொல்லுங்கள். வெள்ளைக்காரர்கள் முதலாளியைச் சொல்லலாம். நாம் மாமியாரைச் சொல்லக்கூடாது.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது பெரிய விஷயம் இல்லை. வார்த்தை புரியாவிட்டால் கையைப் பாருங்கள். தள்ளுகிறதா, தடவுகிறதா என்று பாருங்கள். அதுவும் புரியாவிட்டால் கேட்டுவிடுங்கள். கேட்கிற வெட்கம் ஒரு நிமிஷம்தான். கேட்காமல் விட்டால் ஒரு ஜாடி போகும், ஒரு மணி போகும், முதலாளி அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருக்க வேண்டி வரும். நான் வெட்கப்படுகிறவள்தான், இன்றும் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு "குவெய்ன்ட், குட்?" என்று இரண்டு வார்த்தை கேட்டேன். அந்த இரண்டு வார்த்தையால்தான் நான் ஓய்வு பெறும் வரை அந்தக் கவுண்டரில் இருந்தேன்.

அந்த அம்மா அப்படிச் சிரித்த மறுநாள் காலை மணியம் அண்ணன் அவர்கள் இருவரையும் புலாவ் செபாங் ஸ்டேசனில் இறக்கிவிட்டு வந்து, பச்சை விரிப்பை உரித்துவிட்டு, படியில் அடித்த ஆணிகளைப் பிடுங்க உட்கார்ந்தார். மத்தியானம் வரை பிடுங்கினார். முதலாளி வந்து மூன்றாவது படியில் ஏறி நின்று பார்த்தார். கிறீச்சென்றது. சரி என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.